படம் வேண்டாம், குரல் போதும்

ஜனவரி 3, புதன்

காலை ராகிக்கூழ். மதியம் தக்காளி சாதம். ராத்திரி இரண்டு தோசை. மாத்திரை போட்டேன்.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். கலெக்டர் உத்தரவு. கலெக்டர் என்றால் என் வீட்டுக்காரி துளசிமணி. மகள் சிந்துஜாவின் பிரசவம் பார்க்க நவம்பரில் ஸ்வீடனுக்கு விமானம் ஏறினாள். ஏறுகிற அவசரத்திலும், "மாமா, அஞ்சாங்கிளாஸ் படிச்ச படிப்பு வீணாப் போகக்கூடாது. என்ன தின்னீங்க, சக்கர மாத்திரை போட்டீங்களா, தெனம் எழுதி வைங்க. ஏப்ரல்ல வந்து பாப்பேன்" என்றாள். இரண்டு மாதம் ஏமாற்றிவிட்டேன். இப்போது கம்பெனியில் புது வருட டைரி கொடுத்துவிட்டார்கள். இனித் தப்பிக்க வழியில்லை.

கம்பெனி என்றதும் என்னைப் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். கோயமுத்தூர் சரவணம்பட்டியில், இன்டர்நெட்டில் பேசுகிற ஆப் செய்கிற கம்பெனி. அவர்கள் ஆப் போடுகிறார்கள், நான் டீ போடுகிறேன். அதற்கு முன்னால் இருபது வருடம் கல்யாணப் பந்தியில் பரிமாறியவன். எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பது என் வழக்கம். மேனேஜருக்கு ஏ.சி., பக்கத்தில் போனாலே குளிரும். வாட்ச்மேனுக்கு ராணுவம். மாப்பிள்ளை திவாகருக்கு சைலன்ஸ். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கம்பெனி ஆப்பில்தான் பேசுகிறோம். அங்கே அப்போது மதியம் ஒன்றரை. படம் வந்ததும் கலெக்டர் போனை அடுப்படிக்குக் கொண்டுபோகச் சொல்வாள். "அந்த வடைச்சட்டியத் திருப்புங்க. அடியக் காட்டுங்க" என்பாள். ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் கரி தெரிகிறது அவளுக்கு.

ஜனவரி 6, சனி

பழைய சோறு, மோர். மாத்திரை போட்டேன். பேத்தி கொட்டாவி விட்டதை நான்கு தடவை போட்டுக் காட்டினார்கள்.

ஜனவரி 9, செவ்வாய்

இட்லி. கத்தரிக்காய்க் குழம்பு. மாத்திரை போட்டேன்.

இன்றைக்குப் படம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. "நெட்டு இல்லீங்க" என்றாள். நான் விடுவேனா? "என்ன துளசி, வெள்ளைக்காரன் எவனாவது பக்கத்துல உக்காந்திருக்கானா?" என்றேன். வழக்கமாக இதற்கு ஒரு வசவு வரும். வரவில்லை. சீக்கிரம் வைத்துவிட்டாள். அடுப்படிச் சோதனை இல்லாமல் ஒரு நாள் தப்பித்தேன்.

ஜனவரி 11, வியாழன்

இன்றும் குரல் மட்டும். நேற்றும் அப்படித்தான்.

அவள் வைத்துப் பத்து நிமிடத்தில் சிந்துஜா தன் போனில் கூப்பிட்டுப் பேத்தியைக் காட்டினாள். கண்ணாடி மாதிரித் தெரிந்தது. குழந்தையின் புருவத்தில் ஒட்டியிருந்த பவுடர் வரைக்கும் தெரிந்தது. "அம்மா எங்க?" என்றேன். குளிக்கிறாளாம். மதியம் இரண்டு மணிக்கா குளிப்பாள்? குளிர் தேசம், வெந்நீர் கிடைக்கிற நேரம் அதுவாக இருக்கும்.

ஒரே வீடு, ஒரே நெட். சரி, நமக்கு என்ன தெரியும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். குக்கரில் வைத்தேன். பொங்கவில்லை, விசில் அடித்தது. அதையே பொங்கலோ பொங்கல் என்று எடுத்துக்கொண்டேன். மாத்திரை போட்டேன்.

நோம்பியாயிற்றே, இன்றைக்காவது முகம் காட்டுவாள் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குரல்தான். ஒரு வாரமாகவே என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. ஏனுங்க, ஏனுங்க என்கிறாள். இன்று பேச்சும் என்னவோ குழைந்து, வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. "என்ன அம்மிணி, வாயில கொழுக்கட்டையா? முழுங்கிப்போட்டுப் பேசு" என்றேன்.

அந்தப் பக்கம் போன் வைக்கிற சத்தம்.

என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? கொழுக்கட்டை கெட்ட வார்த்தையா?

ஜனவரி 16, செவ்வாய்

சாப்பாடு: இருந்ததைத் தின்றேன்.

ஜனவரி 18, வியாழன்

ஏ.சி.க்கு சர்க்கரை இல்லாத டீ. அதில் மூன்று கரண்டி போட்டுக் கொடுத்துவிட்டேன். பாலும் இரண்டு தடவை பொங்கி வழிந்தது. பொங்கலன்று பொங்காதது இன்றைக்குப் பொங்குகிறது என்று சொல்லிச் சிரித்தேன்.

சிரிக்காதவள் ஜெனிட்டா மட்டும். இந்த ஆப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்கிற பெண். "ராக்கியண்ணா, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள். சொன்னேன். என் போனை வாங்கி, கடைசியாகப் பேசிய கால்களின் கணக்கைத் தன் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு டீயைக் குடித்தாள்.

"சொல்லு அம்மிணி. நெட்டுத்தானே?"

"அண்ணா, நீங்க கால் போட்டா உங்க போன் முதல்ல ஒரு சீட்டு எழுதி அனுப்பும். முதல் வரி குரல், இந்த எண் வாசலுக்கு அனுப்பு. ரெண்டாவது வரி படம், இந்த எண் வாசலுக்கு அனுப்பு. அக்கா போன் அதே ரெண்டு வரியையும் அதே வரிசையில பதிலா எழுதணும். வேண்டாங்கிற வரிக்கு வாசல் எண்ணா பூஜ்யம் போடணும்."

"வேண்டாம்னா அந்த வரியவே கிழிச்சுப்போட வேண்டியதுதானே?"

"கூடாது. வரி அங்கேயே இருக்கணும். இல்லன்னா எது எதுக்குப் பதில்னு குழம்பிடும்."

எனக்குப் புரிந்துவிட்டது. பந்தியில் பாயசம் கொண்டுபோகிறோம். வேண்டாதவர் எழுந்து போய்விடுவதில்லை. இலைக்கு மேலே கையை நீட்டி மறைப்பார். இலை இருக்கும், ஆளும் இருப்பார், பாயசம் மட்டும் விழாது.

"அதேதான் அண்ணா" என்றாள். பிறகு மெதுவாக, "நெட் மோசமா இருந்தா எண் இருக்கும், படம் உடைஞ்சு உடைஞ்சு வரும், இல்ல நின்னு போகும். பூஜ்யம் தானா வராது. ஒன்பதாம் தேதியில இருந்து ஒவ்வொரு காலுக்கும் படத்துக்குப் பூஜ்யம். அக்காதான் வேண்டாம்னு அழுத்தறாங்க" என்றாள்.

மாத்திரை போட்டேனா? தெரியவில்லை. அட்டையை எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்கிற மாதிரியும் இருக்கிறது, குறைவாக இருக்கிற மாதிரியும் இருக்கிறது.

ஜனவரி 19, வெள்ளி

எனக்குப் பயம் எதுவும் இல்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஒன்று, கீழே விழுந்து பல் போயிருக்கலாம். இரண்டு, கழுத்துச் சங்கிலி தொலைந்திருக்கலாம். மூன்று, அந்த ஊர்ப் பெண்கள் மாதிரி முடியை வெட்டிக்கொண்டிருக்கலாம். வெட்டியிருந்தால் நல்ல பட்டப்பெயர் ஒன்று வைத்திருக்கிறேன்.

நான்காவதாக ஒன்று தோன்றியது. அதை எழுதவில்லை.

ஜனவரி 22, திங்கள்

ஜெனிட்டாவிடம் கேட்டேன். "உங்க ஆப்புத்தானே? அந்தப் பூஜ்யத்த நீயே ஒரு எண்ணா மாத்திப்போடு. ஒரே நிமிசம். மூஞ்சியப் பாத்துட்டு மூடிக்கலாம்."

"முடியாது அண்ணா."

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன். அது நீங்க எழுதின சீட்டு இல்ல. அவங்க எழுதின பதில். அதுல கை வைக்க எனக்கும் உரிமை இல்ல, உங்களுக்கும் இல்ல."

"இருபத்தெட்டு வருசமா என்ற பொண்டாட்டி."

"அதனாலதான் நேரா கேளுங்கன்னு சொல்றேன்."

நேற்று பிறந்த பிள்ளை எனக்குச் சொல்லித்தருகிறது. சாயங்கால டீயில் அவளுக்கு மட்டும் இஞ்சி போடவில்லை. கண்டுபிடித்துவிட்டாள். இருந்தும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆறு மணிக்கு நேராகவே கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அந்த ஒண்ணும் இல்லீங்களைச் சொல்ல அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

ஜனவரி 24, புதன்

உப்புமா. மாத்திரை போட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தனியாகப் போன் போட்டேன். பாவம், எது சொன்னாலும் "சரிங்க மாமா" என்கிற பிள்ளை. அதனால்தான் அவரைப் பிடித்தேன். "உங்க அத்த வேலையா இருக்கறப்ப உங்க போன்ல படத்தப் போட்டு எங்காவது ஓரமா வெச்சிருங்க மாப்ள. நான் ஒரு தடவ பாத்துக்கறேன். சத்தம் போட மாட்டேன்" என்றேன். அவர் இந்தத் தடவை உடனே சரி சொல்லவில்லை. மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். மருதமலைக்குப் போகவில்லை.

பார்த்தேன்.

மாப்பிள்ளை போனைப் பால் புட்டிகளுக்கு நடுவில் சாய்த்து வைத்திருந்தார். துளசி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். முகத்தில் வலது பாதி சிரித்தது. இடது பாதி சும்மா இருந்தது. இடது கண் மூடவே இல்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள், பழகிவிட்ட மாதிரி.

சத்தம் போட மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் திரும்பினாள். புட்டிகளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். எண்ணெய்க் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். படம் போய்விட்டது.

ஜனவரி 26, வெள்ளி

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜனவரி 27, சனி

எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

முன்பு படத்துக்கு மட்டும் பூஜ்யம். இப்போது இரண்டு வரிக்கும்.

வடைச்சட்டியைத் தேய்த்தேன். அடி வெளுத்துவிட்டது. யாரிடம் காட்டுவது?

ஜனவரி 30, செவ்வாய்

சிந்துஜா கூப்பிட்டாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"அப்பா, பக்கவாதம் இல்லீங்க, பயப்படாதீங்க. மொகத்து நரம்புல வீக்கமாம். ஒம்பதாந்தேதி காலையில எந்திரிச்சப்பவே இப்படி. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம். மாத்தர குடுத்தாங்க. ஒதடு ஒட்டாததால மாமான்னு கூப்பிடக்கூடச் சரியா வரலை. மூணு மாசத்துல பெரும்பாலும் சரியாயிரும்னு டாக்டர் சொல்றாங்க."

"எங்கிட்ட ஏன் அம்மிணி மறைச்சீங்க?"

"அம்மா யாருகிட்டயும் மறைக்கலை. டாக்டருக்குக் காட்டினாங்க, பக்கத்து வீட்டுக்குக் காட்டினாங்க. என்ற மாமியாருகிட்டக் கூட வீடியோவுல பேசறாங்க. உங்ககிட்ட மட்டுந்தான் வேண்டாம்னாங்க."

போனைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"அன்னிக்கு நீங்க சிரிச்சீங்கன்னு சொல்லி அஞ்சு நாளா சரியாச் சாப்பிடலை."

"ஐயோ, சத்தியமா நான் சிரிக்கலை கண்ணு. அழுகை வந்துருச்சு."

"எனக்குத் தெரியலீங்கப்பா. நீங்க சிரிச்சாலும் அப்படித்தான் கேக்கும்." பிறகு, "ராமாத்தா அத்தைய நெனச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஜனவரி 31, புதன்

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்றேன்.

இதை எழுத இந்த டைரி இல்லை. இது சாப்பாட்டுக் கணக்கு. இருந்தாலும் எழுதுகிறேன்.

ராமாத்தாள் என் பெரியப்பா மகள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். சிந்துஜா நிச்சயதார்த்தத்துக்கு முந்தின மாதம் அக்காவுக்கு வாய் கோணிக்கொண்டது. இதே மாதிரிதான். நிச்சயத்தன்று பந்தியில் நான் பரிமாறிக்கொண்டு வரும்போது ஒறம்பரைக்காரர், தூரத்துச் சொந்தம் ஒருவர், "ராக்கியப்பா, ராமாத்தா எப்படியிருக்குது?" என்று கேட்டார். நான் வாயில் பதில் சொல்லவில்லை. சாம்பார் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயை ஒரு பக்கமாக இழுத்து, ஒரு கண்ணை விழித்து, அக்கா மாதிரியே, "சாம்பார் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டேன். நான் நன்றாகச் செய்வேன். வரிசை முழுக்கச் சிரித்தது. எதிர் வரிசை எழுந்து நின்று பார்த்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். செய்தேன்.

திரும்பினால் அக்கா அப்பளக் கூடையோடு பின்னால் நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவள் வந்ததில்லை. சிந்துஜா கல்யாணத்துக்கும் வரவில்லை. கேட்டவர்களிடம் மூட்டுவலி என்று நானே சொல்லி வைத்தேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை என்று இந்த டைரியில் முதல் நாள் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்குத் துளசி எங்கே இருந்தாள் என்று இன்று காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. நான் சிரிப்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

அன்னூர் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள், "யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகலக்கா."

"பின்ன எதுக்கு நீ வந்தே?"

அவள் முகம் நேராகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால் சிரிக்கும்போது மட்டும் கொஞ்சம். ஆனால் அவள் சிரிக்கவில்லை. துளசிக்கு வந்ததைச் சொன்னேன். பதறிப்போய் உட்காரச் சொன்னாள்.

"எனக்கும் மூணே மாசத்துல சரியாயிருச்சு சாமி. அதுக்கப்பறம் நான் வராததுக்கு வாய் காரணமில்ல."

"தெரியுதுக்கா. தப்புப் பண்ணிட்டேன்."

"அன்னிக்கு உன்ற பொண்டாட்டி மட்டுந்தான் சிரிக்கல. பின்னாலயே ரோட்டு வரைக்கும் ஓடியாந்தா. கையில சோத்துப் பொட்டலம். குடுத்துட்டு என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. உன்னயத் திட்டுவான்னு பாத்தேன். ஒரு வார்த்த சொல்லல. நாளைக்குத் தனக்கு இப்படி ஆனா நீ என்ன செய்வியோன்னு பயந்திருக்கான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். நொம்ப மெதுவாகச் சொல்லியிருப்பேன் போல, "என்ன?" என்றாள். மறுபடி சொன்னேன்.

"பாக்கலாம்" என்றாள். "மொதல்ல அவகிட்டப் பேசு. சிரிப்புக் காட்டாமப் பேசு. உனக்கு அது வருமா?"

பிப்ரவரி 5, திங்கள்

ஜெனிட்டாவுக்கு இஞ்சி போட்ட டீ கொடுத்துவிட்டுக் கேட்டேன். "படத்துக்கு வரியே இல்லாம, குரலுக்கு மட்டும் சீட்டுப் போகுமா?"

"போகும் அண்ணா. இந்த பட்டன். நீங்க கேக்காததை அவங்க மறுக்க வேண்டியதில்லை."

ஆறு மணிக்கு அந்தப் பட்டனை அழுத்தினேன். வெகு நேரம் அடித்தது. நிற்கப் போகிற சமயத்தில் எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"துளசி, படம் கேக்கல. குரல் மட்டுந்தான். ராமாத்தாக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல? வேடிக்கை எதுவும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்த பிறகுதான் தெரிகிறது, என்னிடம் வேறு பேச்சே இல்லை. உட்கார்ந்திருந்தேன். அவளும் உட்கார்ந்திருந்தாள். சுவர்க்கடிகாரம் கேட்டது.

"ஏனுங்க" என்றாள். "எதுக்கு இப்படி இருக்கீங்க? ஒடம்பு சரியில்லையா? சக்கர ஏறிப்போச்சா?"

"இல்லம்மிணி."

"பொய் சொல்றீங்க. இத்தன நேரம் நீங்க சும்மா இருந்து நான் கண்டதில்ல. எனக்குப் பயமா இருக்குது. மூஞ்சியக் காட்டுங்க."

உடனே என் போனில் ஒரு பெட்டி வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து படம் சேர்க்கக் கேட்கிறார்கள், ஏற்கவா, மறுக்கவா என்று. நான்கு நாள் தாடி. கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. இந்த மூஞ்சியோடு எப்படி அவள் முன்னால் போவேன்? மறுக்க என்பதை அழுத்தினேன்.

அழுத்திய பிறகு விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வேண்டாம்னுட்டீங்க" என்றாள்.

"என்ற மூஞ்சி பாக்கற மாதிரி இல்ல துளசி."

"அப்படித்தானுங்க இருக்கும்" என்றாள். "நாளைக்குக் கூப்பிடறேன். சோறு தின்னுங்க."

பிப்ரவரி 6, செவ்வாய்

அவளே கூப்பிட்டாள், ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே. பெட்டி வந்தது. ஏற்க என்பதை அழுத்தினேன்.

துளசி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மறைக்கவில்லை. கன்னம் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. இடது கண்ணில் நீர் கட்டியிருந்தது, அழுகை இல்லை, மூடாததால் வருவது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளும் என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, பேரு வெக்கலியா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"வாய் கோணுனது எனக்கு. உங்களுக்கு என்ன, ஒட்டிக்கிச்சா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, சித்த வேலை இருக்குது, உக்காருங்க" என்றாள். அங்கே ஒரு டாக்டரம்மா பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். தினமும் பத்து நிமிடம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வாயைக் குவிக்க வேண்டும், பல்லைக் காட்ட வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும், புருவத்தைத் தூக்க வேண்டும். ஒரு நாள்கூடச் செய்யவில்லையாம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம்.

"கண்ணாடி எனக்கு வேண்டாம். நீங்க செய்யுங்க, பாத்து நான் செய்யறேன். உங்களுக்குத்தான் மூஞ்சிய எப்படி வேணும்னாலும் இழுக்க வருமே."

குத்திக்காட்டினாளா, சும்மா சொன்னாளா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தேன்.

வாயைக் குவித்தேன். அவள் குவித்தாள், பாதி வந்தது. பல்லைக் காட்டினேன். அவள் காட்டினாள், வலது பக்கம் நான்கு பல் தெரிந்தது. புருவத்தைத் தூக்கினேன், ஒன்று ஏறியது, ஒன்று ஏறவில்லை. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை. இருபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு நேரம் இவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

கடைசியாகக் கன்னத்தை உப்பினேன். அவளும் உப்பினாள். இடது ஓரம் காற்றைப் பிடிக்க முடியாமல் புர்ர் என்று விட்டது, எருமை மூச்சு விடுகிற மாதிரி. என் கன்னம் உப்பியபடியே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன், மூச்சை அடக்கிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தது நான் இல்லை.